மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

அக்காவுக்குப் பிரசவம், அம்மாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சொன்னது, "சென்னைக்குப் போய் ஏறுங்க, அங்கதான் நிறைய பிளைட்." சரி என்று வரைபடத்தில் அளந்து பார்த்தேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 2,900 சொச்சம். வானத்தில் அந்த வித்தியாசம் நாலைந்து நிமிஷம்தான். அதற்காக ராத்திரி முழுக்க மன்னை எக்ஸ்பிரஸில் போய், எழும்பூரில் இறங்கி, வயசான அம்மாவையும் வடகமும் வத்தலும் அடைத்த பெட்டிகளையும் மீனம்பாக்கம் வரைக்கும் கொண்டுசேர்க்க வேண்டுமா? திருச்சி ஏர்போர்ட் நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தஞ்சாவூர், திருவெறும்பூர் வழியாக வந்து டிவிஎஸ் டோல்கேட்டில் இடது பக்கம் புதுக்கோட்டை ரோட்டில் திரும்பினால் வந்துவிட்டது. 2024 ஜூனிலிருந்து புது டெர்மினல், நல்ல விசாலம், அம்மா கோபுர வண்ணங்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

ஆனால் சென்னைக்கே போக வேண்டிய வேலை என்றால் கதை வேறு. திருச்சி-சென்னை வான்வழியில் 300 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மயிலாடுதுறைக்காரர் அதில் ஏற மேற்கே 120 கிலோமீட்டருக்கு மேல் வந்து, மறுபடி வடகிழக்கே பறக்க வேண்டும். அவருக்கு ரயில்தான் சரி.

சிங்கப்பூருக்குப் பறக்கும் நேரம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகிற விமானத்துக்கு இவ்வளவு ஏன் என்றால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் டிக்கெட்டில் சேர்ந்துவிடும், காற்றின் போக்கும் உண்டு.

பலரும் குழம்புவது கடிகாரத்தில்தான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 1 மணிக்குக் கிளம்பினால் நாலு மணி நேரம் பறந்து இறங்கும்போது அங்கே காலை 7.30. "ஆறரை மணி நேரமாடா?" என்று டிக்கெட்டைப் பார்த்து அம்மா பயந்தது இதனால்தான். திரும்பும்போது நேர்மாறு: காலை 11 மணிக்கு ஏறினால் இங்கே பகல் 12.30.

திரும்பும்போது பகல் பிளைட் கிடைத்தால் ஜன்னல் சீட்டை விடாதீர்கள். நேர்கோடு சுமத்திராவின் வடமுனைப் பக்கமாக வங்கக்கடலைக் கடந்து, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஒட்டி, கோடியக்கரை அருகில்தான் கரை தொடுகிறது. எங்களுக்கு வேதாரண்யம் உப்பளங்கள் தெரிந்தன, வெள்ளை வெள்ளையாகக் கட்டம் கட்டமாக. அதைத் தாண்டியதும் பச்சை, வாய்க்கால்களுக்கு நடுவே நம்ம ஊர் வயல்கள். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு எது மன்னார்குடி என்று தேடிக்கொண்டே வந்தார்.

காருக்குச் சொல்லும்போது இறங்குகிற நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர அவ்வளவு ஆகிறது.