பெங்களூரில் இ.எம்.டி. பயிற்சி: இனிஷியல் முதல் ‘ஊட்டா ஆய்த்தா’ வரை நான் பட்ட பாடு

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாஸ். இரண்டாவது தடவையில்தான்.

108 வண்டியை ஓட்டுகிறவருக்குப் பைலட் என்று பெயர். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறவர் இ.எம்.டி., அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். அந்தப் பின் சீட்டுக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீராமபுரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா ஆட்டோ ஓட்டுகிறார். அவர் இல்லாவிட்டால் அட்மிஷனே நடந்திருக்காது.

முதல் முட்டுக்கட்டை என் பெயர். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலும் பெயரும் இருக்கிறது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. ஆன்லைன் ஃபாரத்தில் சர்நேம் கட்டத்தை நிரப்பினால் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகவில்லை, நிரப்பாவிட்டால் அடுத்த பக்கமே திறக்கவில்லை. “எங்க பக்கம் சர்நேம் கிடையாது மேடம்” என்றேன். “எல்லாருக்கும் இருக்கும்” என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. அப்புறம் “நாளெ பன்னி.” கன்னடத்தில் ‘நாளைக்கு வாங்க’. மறுநாளும் நாளெ பன்னி. மூன்றாம் நாளும் அதேதான்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்தக் காலத்துல இங்க வீட்டுக் கதவுல எல்லாம் ‘நாளெ பா’ன்னு எழுதி வெச்சிருப்பாங்க மாப்ள. ராத்திரி கதவு தட்ட வர்ற பேய் அதைப் படிச்சிட்டுத் திரும்பிப் போயிடுமாம். இப்ப உன்னைப் பேயாக்கிட்டாங்க” என்றார்.

கடைசியில் நோட்டரியிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அஃபிடவிட் வாங்கிக் கொடுத்த பிறகே வேலை நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை முதலிலேயே செய்துகொண்டு வாருங்கள். ஒரிஜினலே இரண்டாக வாங்கி வையுங்கள். ஒன்று அவர்கள் ஃபைலுக்குள் போனால் திரும்பி வராது.

ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் இன்னொரு கூத்து. ஊரில் தெரிந்த டாக்டரிடமே வாங்கி வந்திருந்தேன். கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. சீலில் பதிவு எண் மட்டும் இல்லை. அதற்காக ராத்திரி பஸ் ஏறி, காலையில் அவர் கிளினிக் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து, எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இரண்டு ஊசியாவது போட்டிருந்தால்தான் ஆஸ்பத்திரி போஸ்டிங்குக்கு அனுப்புவோம் என்று எங்களிடம் சொன்னது வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து. அதனால் எனக்கு ஒரு மாதம் போனது. சேருவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். சேராவிட்டாலும் நஷ்டமில்லை.

வகுப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். எனக்குத் தெரிந்தது தமனி, சிரை, மூச்சுக்குழல். அங்கே ஆர்ட்டரி, வெயின், ட்ரக்கியா. பக்கத்து பெஞ்சு மண்டியாக்காரனுக்குக் கன்னடத்தில் அபதமனி, அபிதமனி. எனக்குத் தமனி ஒன்றுதான், அவனுக்கு இரண்டுமே தமனி! ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு இரண்டு பேரும் எழுதிக்கொண்டே வந்தோம். உள்ளே இருக்கும் விஷயம் எல்லாம் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் படித்ததுதான். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓய்வாக இருக்கும் வயது வந்தவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பதெல்லாம் இரண்டு நாளில் மனசில் நின்றுவிட்டது.

இடது வலதில்தான் எல்லாரும் ஒரு தடவையாவது சறுக்கினோம். இடது என்றால் நோயாளியின் இடது. எதிரே நிற்கும் நமக்கு அது வலது கைப் பக்கம். கல்லீரலை மண்ணீரல் இருக்கும் பக்கம் குறித்துவிட்டு முழு மார்க்கையும் இழந்தேன்.

சி.பி.ஆர். என்பது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுக்கும் முதலுதவி. அதன் எண்ணிக்கைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கணக்குப் போட்டால் அந்த முப்பதை 15 முதல் 18 விநாடிக்குள் முடிக்க வேண்டும். எனக்கு 22 விநாடி ஆனது. கையில் பலமில்லை என்று நினைத்து வீட்டில் தலையணையை அழுத்தி அழுத்திப் பஞ்சு வெளியே வந்ததுதான் மிச்சம். மண்டியாக்காரன்தான் கண்டுபிடித்தான். வாய்விட்டு எண்ணும்போது ஒன்றிலிருந்து பத்து வரை என் கை சரியாகப் போகிறது. “இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு” என்று வரும்போது சொல் நீளமாகிறது, கையும் சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. அன்றிலிருந்து ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணினேன். 17 விநாடி. பயிற்சியாளர் கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்தார். தமிழில் எண்ணிப் பழகுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

இப்போது அந்த ‘ஊட்டா’ விஷயம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

போஸ்டிங்கில் ஒரு ராத்திரி, கேஷுவாலிட்டிக்கு ஐம்பது வயது தாண்டிய ஒருவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கேஸ் ஷீட்டுக்கு விவரம் கேட்கும் வேலை என்னுடையது. ‘சாம்பிள்’ என்று ஆறு எழுத்தாகச் சொல்லித் தருவார்கள்: எஸ் அறிகுறி, ஏ அலர்ஜி, எம் மருந்து, பி பழைய நோய், எல் கடைசியாகச் சாப்பிட்டது, ஈ என்ன நடந்தது. எனக்கு அப்போது சரளமாக வந்த ஒரே கன்னட வாக்கியம் “ஊட்டா ஆய்த்தா?” பெருமையாகக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி “ஆய்த்து” என்றார். சாப்பிட்டார் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

சிஸ்டர் விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் வைத்தார். 46. எழுபதுக்குக் கீழே போனாலே சர்க்கரை குறைவு என்று கணக்கு. விசாரித்தால், மதியத்துக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, சாயங்காலம் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, செருப்பு எங்கே என்று கேட்டார்.

சிஸ்டர் என் தாளைப் பார்த்தார். “ஊட்டா ஆய்த்தான்னு கேட்டா இந்த ஊர்ல பட்டினி கிடக்கிறவனும் ஆய்த்துன்னுதான் சொல்லுவான்” என்றார். அது இங்கே நலம் விசாரிப்பு, நம் ஊரில் ‘சாப்டாச்சா’ மாதிரி. நாம் மட்டும் என்ன, இல்லை என்றா சொல்கிறோம்? “ஏனு திந்த்ரி, எஷ்டு கண்ட்டெகெ” என்று கேட்க வேண்டும்: என்ன தின்றீர்கள், எத்தனை மணிக்கு. கூட வந்தவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அந்த மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே விஷயம் வெளியே வந்திருக்கும். இன்னொன்று, சர்க்கரை குறைந்தவருக்கும் குடித்தவருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பக்கவாதம் போலக்கூடத் தோன்றும். சுயநினைவோடு விழுங்க முடிகிறவருக்குத்தான் வாய் வழியாகச் சர்க்கரை கொடுக்கலாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இவ்வளவு அடி வாங்கியும் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டேன். சாலை விபத்து, தரையில் பொம்மை. உள்ளே கூப்பிட்டதும் ஓடிப்போய் மண்டியிட்டுத் தலையை அசையாமல் பிடித்தேன். கழுத்தில் காலர், மூச்சுப் பாதை, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தேர்வாளர் தடுக்கவே இல்லை. முடித்ததும் பொம்மையின் கையருகே கிடந்த கயிற்றைக் காட்டினார். யாரோ மறந்து போட்டது என்று நான் நினைத்தது அறுந்து விழுந்த மின்கம்பியாம். “இப்ப ரெண்டு ஆம்புலன்ஸ் வேணும்” என்றார். இடம் பாதுகாப்பானதா என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கையுறை போட்ட பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். அதை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் எங்கள் தேர்வில் ஃபெயில். மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும் மார்க் கிடையாது.

மறுதேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டினேன், தேதியை இரண்டு தடவை மாற்றினார்கள். அந்த நாள் வந்ததும் வாசலிலேயே நின்று “இடம் பாதுகாப்பா இருக்கு” என்று கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சர்டிபிகேட் நேற்று கைக்கு வந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயரும், சர்நேம் இடத்தில் என் பெயரும் அச்சாகியிருக்கிறது. அஃபிடவிட்டின் இரண்டாவது ஒரிஜினலை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். கவுண்டரில் அதே அம்மா.

“நாளெ பன்னி.”