குடியத்துக்குப் பச்சை மை வேண்டாம்

எங்கள் தண்டையார்பேட்டை ஆட்களுக்குப் பூண்டி ஏரி என்றால் மழைக்காலத்து டிவி செய்திதான். ‘பூண்டியில் உபரிநீர் திறப்பு, கொசஸ்தலை ஆற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை’ என்று கீழே ஓடும். உடனே மணலி புதுநகரிலும் எண்ணூரிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவோம். அங்கே திறக்கிற தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வரை வந்துதான் கடலில் சேர்கிறது. அந்த ஏரிக்கு வடமேற்கே மலை இருக்கிறது, காடு இருக்கிறது, நடந்து போய்ப் பார்க்கக் குடியம் குகை இருக்கிறது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அரசு அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

அந்தக் கதைக்கு முன்னால், அவசரத்தில் படிப்பவர்களுக்காக ஒன்று. குடியம் குகைப் பாதைக்கு மனு, சான்றொப்பம், சிபாரிசு எதுவும் வேண்டாம். ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பெயர், அடையாள அட்டை விவரம் கொடுத்து, பணம் கட்டி, தேதி வாங்கினால் போதும். 2024 அக்டோபரில் அரசு ஆரம்பித்தது இது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், அதில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியமும் ஒன்று. வேறு யாராவது வேறு ஏதாவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே தெரியும்.

நாங்கள் ஐந்து பேர். நான், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா, என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர், கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண். இணையத்திலேயே முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தோம். யாரோ கொடுத்த நம்பரில் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரித்ததில் ஆரம்பித்தது வினை. எந்த அலுவலகம், எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. “குரூப்பா போனா லெட்டர் வேணும்மா, நேர்ல வாங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம்” என்றார் எடுத்தவர். காட்டு விஷயம், சட்டம் கடுமையாக இருக்கும் என்று நம்பினோம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் செத்ததும், அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறதே.

அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். மனுவை வாங்கிய எழுத்தர் மேலிருந்து கீழ் படித்துவிட்டுக் கேட்டார்: “திருவள்ளூர்ல ஏதும்மா மலை?”

அல்லிக்குழி மலை என்றேன். பூண்டிக்கு அந்தப் பக்கம், ஊத்துக்கோட்டை வட்டாரம் என்று போனில் வரைபடத்தையும் காட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பொம்பளைங்க காட்டுக்கு எதுக்கு?” என்று அடுத்த கேள்வி. பிறகு, ஐந்து பேர் ஆதார் ஜெராக்ஸிலும் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும், அப்போதுதான் மனுவே தொடமுடியும் என்றார். இப்போது பள்ளிக்கூடச் சேர்க்கைக்கே பெரும்பாலும் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். குகை பார்க்கப் பச்சை மை.

பச்சை மைக்காரரைத் தேடின கதை தனி. தெரிந்த மருத்துவர் ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் நைட் டியூட்டி. தெரிந்த தலைமையாசிரியர் தேர்தல் வேலையில் மாட்டிக்கொண்டார். கடைசியில் கல்லூரிப் பெண்ணின் பேராசிரியர் மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டார், அந்தக் கல்லூரி முத்திரை பாதி அழிந்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் “முத்திரை தெளிவா இல்லையே” என்று அதே எழுத்தர். சரி, இருக்கட்டும் என்று வாங்கி ஒரு கோப்பில் சொருகினார். ஒப்புகை கேட்டேன். “அதெல்லாம் வேணாம்மா, கோப்பு மேல போயிடுச்சுன்னா தானா வரும்” என்றார். வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டால் செக்‌ஷனில் ஆள் லீவு. இன்னொரு முறை போனால் மனு வேலூருக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள்.

ஏன் வேலூர்? ‘குடியம்’ என்று நான் கொட்டை எழுத்தில் எழுதியதை ‘குடியாத்தம்’ என்று பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள்.

அன்று சித்தப்பா கூட வந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் யூனியன் மனு எழுதிப் பழகிய கை அது. அவர் சத்தமே போடவில்லை. மனுவின் நகலை மேசையில் விரித்து வைத்து, “ஐயா, இந்த அனுமதியை நீங்க கொடுக்க முடியுமா முடியாதா, அதை மட்டும் இதுலயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, நாங்க போயிடுறோம்” என்றார். எழுத்தர் முகம் மாறியது. உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடியும் உள்ளே போனார். அப்புறம் ஒரு மேலதிகாரி வெளியே வந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, “இதெல்லாம் இப்ப ஆன்லைன்தானே அம்மா, உங்களை யாரு இங்க வரச் சொன்னது?” என்று கேட்டார். யார் சொன்னது என்று நான் அந்த எழுத்தரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆதார் ஜெராக்ஸ் மட்டும் திரும்பி வரவில்லை. குடியாத்தத்தில் யாரிடமாவது பத்திரமாக இருக்கும்.

ஆகவே, எந்த மேசையில் எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிவிடுங்கள். சித்தப்பா எல்லாவற்றிலும் ‘குடியம் செல்ல மட்டும்’ என்று எழுதி வைத்திருந்ததால்தான் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இணையத்தில் பதிந்தது ஒரு மாலை வேலை. ஐந்து பேர் விவரத்தையும் நானே ஏற்றினேன். பணம் கட்டும் கட்டத்தில் என் வங்கி செயலி சுற்றிக்கொண்டே நின்று, காசு போய்விட்டது, சீட்டு வரவில்லை. பதறி உடனே இரண்டாவது தரம் கட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, வங்கிக் கணக்கில் நிலவரம் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். எனக்குப் போன காசு சில நாளில் திரும்பி வந்தது. சித்தப்பா கணக்கிலிருந்து கட்டி முடித்தோம்.

பெரம்பூரில் விடியற்காலை மின்சார ரயில் ஏறித் திருவள்ளூர். அங்கிருந்து பூண்டிக்குப் பஸ் உண்டு. குடியம் கிராமம் வரை போக, சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்க, பஸ்ஸை நம்ப முடியாது. வேன் பேசினோம். போக வர என்று பேசி முழுப் பணத்தையும் முன்னாலேயே கறந்துகொண்டார் ஓட்டுநர். இறக்கிவிட்டதும் “இங்கதான் இருப்பேன்க்கா” என்று மரத்தடியைக் காட்டினார்.

கிராமத்தில் வழிகாட்டித் தம்பி காத்திருந்தார், உள்ளூர்ப் பையன். பெயர்களைச் சரிபார்த்துவிட்டு ஷூவைத்தான் முதலில் பார்த்தார். செருப்பு போட்டு வந்திருந்தால் அவதிதான் என்பது பாதி வழியில் புரிந்தது. செங்குத்தான ஏற்றம் கிடையாது. ஆனால் பாதை நெடுக உருண்டைக் கற்கள், காலை வைத்தால் உருளும். அந்த மலையே அப்படித்தான்: கடலை மிட்டாயில் கடலை பதிந்த மாதிரி பாறைக்குள் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன, மழையும் வெயிலும் அரித்து அவற்றை உதிர்க்கின்றன. இதே கற்களைப் பொறுக்கி உடைத்துத்தான் ஆதி மனிதன் கைக்கோடாரி செய்தான். பக்கத்தில் அதிரம்பாக்கத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கல் கருவிகளைக் கண்டெடுத்த இடத்தை, தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழு தோண்டி ஆராய்ந்து, கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். கீழே கிடக்கிற கல்லை நினைவுக்கு என்று பையில் போட்டுக்கொள்ளும் ஆசை வரும். போடாதீர்கள். தம்பி கவனித்துக்கொண்டேதான் வந்தார்.

நிழல் குறைவு. களாவும் சூரையும் இடுப்பளவுக்கு நிற்கும் முட்காடு, துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும். முழுக்கால் பேன்ட், முழுக்கை, தொப்பி. தண்ணீரை ஆளுக்கு இரண்டு லிட்டராவது எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். நாங்கள் எடுத்துப்போன புளியோதரை வாழை இலையில் கட்டியது, குப்பை என்று எதுவும் மிஞ்சவில்லை.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கம் என்று கற்பனை செய்திருந்தாள் கல்லூரிப் பெண். இது வாய் அகன்ற பாறைக் குடை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு உயரம், அதன் விளிம்பில் பெரிய பெரிய தேனடைகள். தம்பி முன்பே குரலைத் தாழ்த்தச் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் ஒரு பையன் எதிரொலி வருகிறதா பார்க்கிறேன் என்று விசில் அடித்தான். தம்பி பாய்ந்துபோய் அவன் வாயையே பொத்திவிட்டார். “கூடு கலைஞ்சா ஓட இடம் இல்லண்ணே” என்று அவன் அண்ணனிடம் கோபமாகச் சொன்னார். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பீடி சிகரெட் நினைப்பே வேண்டாம்.

திரும்பி வந்தால் மரத்தடி காலி. போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். வேறு சவாரி கிடைத்துப் போய்விட்டார் என்று டீக்கடை அம்மா சொன்னார். ஊர்க்காரர் ஒருவர் மினி லாரியின் பின்னால் ஏற்றிப் பூண்டியில் இறக்கிவிட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். வேன் பேசினால், நாம் குகை பார்த்துத் திரும்பி வந்த பிறகுதான் மீதிப் பாதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பஸ் வர நேரம் இருந்ததால் ஏரியைப் பார்த்தோம். 35 அடி உயரம், 3,231 மில்லியன் கனஅடி கொள்ளளவு என்று செய்தியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். நேரில் கரை மேல் நின்றால்தான் அது எவ்வளவு தண்ணீர் என்று உறைக்கிறது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சியில் வந்த அணை, 1944-இல் முடிந்தது. அவர் அதற்கு முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். மதகுப் பக்கம் போகாதீர்கள், கரையிலிருந்து இறங்கவும் வேண்டாம். “எண்ணூருக்கு வர்ற தண்ணி இதுதானா” என்று சித்தப்பா மட்டும் வெகுநேரம் மதகையே பார்த்துக்கொண்டிருந்தார். 2015 டிசம்பரில் அவர் பெண் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றதும் இதே ஆற்றுத் தண்ணீர்தான்.

பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கைக்கோடாரியைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள் மலையேறும் முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது, நடக்கும்போது காலடியில் இருப்பது என்ன என்று புரியும்.

போக நினைப்பவர்கள் மழை விட்டதும், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தேதி பாருங்கள். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். சனி ஞாயிறு வேண்டுமென்றால் பொங்கலுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.