கேம்பிங் மேட்டைச் சுருட்டி வைக்கிற வேலை

ஜனவரி 19, 2025, ஞாயிறு

கொல்லிமலையிலேர்ந்து நேத்து நைட்டு தான் லாஸ்பேட்டை வந்து சேந்தோம். டெண்ட்டு காயப்போடுறதை தம்பி தலையில கட்டியாச்சு. வேலை வைக்கிறது டெண்ட்டுக்குள்ள விரிச்சுப் படுக்குற, தானா காத்து ஏறுற இந்த மேட்டு தான், பனியில அவசரமா சுருட்டுனது, அடியில ஈரம் அப்படியே இருக்கு. ஹால்ல விரிச்சு வால்வைத் தொறந்தேன், புஸ்ஸுனு இழுத்துச்சு, "என்னடா இது படுத்துக்கிட்டு மூச்சு விடுது"ன்னாங்க அம்மா. உள்ள ஸ்பாஞ்சு, அமுக்கி வெச்சது விரியும்போது வெளிக்காத்தை அதுவே இழுத்துக்கும், அவ்ளோதான். 1970கள்ல போயிங்ல வேலை போன இன்ஜினியருங்க சியாட்டில்ல பண்ணது, தெர்மரெஸ்ட்னு வித்தாங்க. வேலை போனாலும் சும்மா இருக்கல பாருங்க.

ஜனவரி 20, திங்கள்

வால்வை மூடிட்டு சோப்புத் தண்ணித் துணியால தொடச்சு, நிழல்ல காய வெச்சேன். அம்மா மொட்டை மாடி வெயில்ல போடுன்னாங்க, வேணாம்னுட்டேன்.

ஜனவரி 22, புதன்

சித்தி பையன் லீவுக்கு ஊட்டி போறானாம், மேட்டு வேணும்னான், அதனால இன்னிக்கு கவர்ல ஏத்தியாகணும். அந்த கவர் எப்பவுமே ஒரு சைஸ் சின்னதா தான் தெக்கிறானுங்க. வால்வைத் தொறந்து விட்டு, அது இல்லாத பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு, முட்டி போட்டு வெயிட்டை குடுத்துக்கிட்டே மெதுவா சுருட்டிக்கிட்டு வரணும், வால்வு கிட்ட வந்ததும் அமுக்கின கையை எடுக்காமலே மூடியைத் திருகிடணும், கையை எடுத்துட்டா ஸ்பாஞ்சு திரும்ப காத்தைக் குடிச்சிடும். இந்த ரவுண்டு காத்து போறதுக்கு மட்டும் தான். அப்புறம் விரிச்சு, நீளவாக்குல ரெண்டா மடிச்சு, மறுபடி சுருட்டி, கடைசில வால்வைக் கொஞ்சம் தொறந்து மிச்ச காத்தையும் அமுக்கி விட்டு மூடணும். இந்த ரெண்டாவது ரவுண்டுக்கு சோம்பேறித்தனப்பட்டு தான் பாதி பேர் கவரோட சண்டை போடுறாங்க. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு பண்ணதுல சட்டை நனைஞ்சிடுச்சு, ஆனா உள்ள போயிடுச்சு.

ஜனவரி 25, சனி

மாடி வீட்டு அண்ணன் அவரு மேட்டைத் தூக்கிட்டு வந்தார், "தம்பி, இது ஏறவே மாட்டேங்குதுப்பா". ஃபெங்கல் புயலுக்கு ரொம்ப முன்னாடியே கவரோட பரண்ல ஏத்துனதாம். ரொம்ப நாள் அமுங்கிக் கெடந்தா ஸ்பாஞ்சு விரியிறதை மறந்துடும், வால்வைத் தொறந்து ஒரு நாள் ரெண்டு நாள் விரிச்சுப் போட்டா ஓரளவு திரும்பும். ஆனா இதுல பூஞ்சை வாடை வேற. தானா ஏறுனது போக மிச்சத்துக்கு வாயால ஊதுறோம்ல, அந்த மூச்சு ஈரம் உள்ள தங்கிடும், நம்ம கடலோரக் காத்துல மூடி வெச்சா அது எங்க காயும்? போதாததுக்கு வால்வை மூடி மாடி வெயில்ல போட்டிருக்கார், உள்காத்து சூடாகி விரிஞ்சு, துணி ஸ்பாஞ்சை விட்டு உரிஞ்சு, நடுவுல பெரிய கொப்புளம். பஞ்சர்னா ஒட்டலாம், இது வீட்ல ஆகாதுண்ணேன்னேன். "அப்ப பீச்சுக்கு உக்காரவாவது ஆகுமா?" ஆகும்ணே, வால்வுல மணல் போகாம பாத்துக்கங்க.

ஜனவரி 28, செவ்வாய்

ஊட்டியிலேர்ந்து மேட்டு திரும்பி வந்துச்சு. தரைக் குளிர் ஏறவே இல்லையாம். இப்ப எங்க வைக்கிறதுன்னு அம்மாவோட பஞ்சாயத்து. கவர் தூக்கிட்டுப் போக மட்டும் தான், வீட்ல வால்வைத் தொறந்து விரிச்ச மேனிக்கு தான் இருக்கணும்னேன். "கோரைப்பாயையே சுருட்டி மூலையில நிறுத்துறோம், இதுக்கு மட்டும் என்னடா ராஜ மரியாதை?" கட்டிலுக்கு அடியில இருந்த அண்டாவையெல்லாம் நானே பரணுக்கு ஏத்துறேன்னதும் தான் ஒத்துக்கிட்டாங்க, எலி கடிச்சா என்னைக் கேக்காதன்னு கண்டிஷன் வேற. நாளைக்கு எலிப்பொறி வாங்கணும்.