வாய் திறந்தால் பாட்டி, குவிந்தால் தாத்தா

ஒரு பருவம் படிப்பதற்காகச் செப்டம்பர் மாதத்தில் போர்ச்சுகல் நாட்டின் கொயிம்பிரா நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்க இடமளித்த குடும்பத்தின் சமையலறையில் அன்றிரவு நான் பேசிய முதல் முழு வாக்கியம், இலக்கணப்படி பிழையற்றது, மரியாதைப்படி பெரும்பிழை. எழுபது வயதைக் கடந்த அந்த வீட்டு அம்மையாரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது, கைபேசிச் செயலியில் பல மாதங்களாகப் பழகியிருந்த 'வொசே' என்னும் முன்னிலைச் சொல்லைப் பயன்படுத்தினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நன்றி கூறித் தண்ணீரை வாங்கிக்கொண்டார். ஆனால், மேசையைச் சுற்றி ஒரு நொடி பேச்சு நின்றது. படுக்கப் போகும்முன் அவருடைய பேத்தி என்னைத் தனியே அழைத்து, மூத்தவர்களை அப்படி அழைப்பது இங்கே காதுக்கு உறுத்தும் என்று மெதுவாகச் சொன்னாள்.

செயலி கற்றுக்கொடுத்தது பிரேசில் நாட்டுப் போர்த்துகீசியம். அங்கே பெரும்பாலான பகுதிகளில் 'வொசே' எல்லாரிடமும் புழங்கும் இயல்பான சொல். போர்ச்சுகலிலோ நெருங்கியவர்களுக்கும் இளையவர்களுக்கும் 'து'. மூத்தவர்களுக்கு 'வொசே' பொருந்தாது. அவர்களை முன்னிலையில் அழைக்காமல், எதிரே நிற்பவரையே படர்க்கையாக்கி, "அம்மையார் தண்ணீர் குடிக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். இதைப் பேத்தி விளக்கத் தொடங்கியதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. "ஐயா எப்போது வந்தீர்கள்?" என்று உறவையோ பதவியையோ முன்னிறுத்திக் கேட்கும் பழக்கமும், வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லாமல் பேசும் கூச்சமும் நமக்கும் உள்ளவைதாமே. ஆங்கிலத்தின் வழியாகப் போர்த்துகீசியம் கற்க முயன்றது எவ்வளவு சுற்றுவழி என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாள் முதல், புதிதாக எது வந்தாலும் அதைத் தமிழோடு நேரே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு எனக்கு மிகவும் உதவியது ஒலிகளில்தான். பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் ஒவ்வோர் அசையும் தெளிவாகக் கேட்டது. வீட்டிலோ பாதி உயிரெழுத்துகளைக் காணவில்லை. 'எஸ்டா' என்று எழுதியிருப்பது 'ஷ்டா' ஆகிவிடும். 'டெலெஃபோனெ' என்று எழுத்துக்கூட்டிப் படித்ததை, அம்மையார் ஏறக்குறைய 'த்ல்ஃபோன்' என்று முடித்துவிடுவார். அழுத்தம் விழாத உயிர்களை விழுங்குவது ஐரோப்பியப் போர்த்துகீசியத்தின் இயல்பு. மெய்க்கு மெய் உயிரேற்றிப் பேசிப் பழகிய நம் நாவுக்கு அது முதலில் திணறலாகவே இருந்தது. ஆனால், பால் என்று பொருள்படும் சொல்லை அம்மையார் 'லெய்த்து' என்பதுபோல் முடித்ததை ஒரு காலையில் கவனித்தபோது, அந்த இறுதி ஒலி எனக்கு வேறெங்கோ பழக்கமானதாகத் தோன்றியது. காசு, நாடு, எட்டு என்று சொல்லும்போது இதழ் குவியாமல், அரை மாத்திரையில் தேய்ந்து நிற்கும் நம் குற்றியலுகரம்தான் அது! பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஓர் இலக்கணக் குறிப்பு, மொண்டேகு ஆற்றங்கரையிலுள்ள ஒரு சமையலறையில் பயன்படும் என்று நான் எண்ணியதே இல்லை.

மூக்கொலிகளும் அப்படித்தான். ஆம் என்பதற்கும் நன்று என்பதற்கும் உரிய சொற்கள் எழுத்தில் மகர மெய்யில் முடிகின்றன. பேசும்போது உதடுகள் ஒட்டுவதே இல்லை, உயிரொலி மட்டும் மூக்கின் வழியே கசிகிறது. என்னுடன் படித்த பிற நாட்டவர் இதற்காகப் பல நாள் பாடுபட்டார்கள். நாம் 'மரம்' என்று எழுதிவிட்டுப் பேச்சில் உதட்டை மூடாமல் விட்டுவிடுகிறோம். 'வந்தான்' என்பதன் இறுதி னகரமும் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. எழுதுவது போல் பேசாமல், பேசுவது போல் பேசினாலே எனக்குப் போதுமானதாக இருந்தது. வினைமுற்றும் அவ்வாறே: போகிறேன் என்பதிலேயே 'நான்' அடங்கியிருப்பதுபோல், அவர்களுடைய 'வோ' என்னும் ஒற்றைச் சொல்லிலும் எழுவாய் உள்ளேயே இருக்கிறது.

சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை என்று போர்த்துகீசியர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அவற்றைவிட நெருக்கமாகப்பட்டது எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணம். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்ட போர்த்துகீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கஸ், இந்தியாவுக்கு வருவதற்கு முன் கொயிம்பிராவில் படித்தவர். தமிழின் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதிவைத்தவரும் அவரே. பல்கலைக்கழகக் கோபுரத்தின் மணியோசை கேட்கும் தெருக்களில் நடக்கும்போதெல்லாம், நம் வல்லினங்களையும் ழகரத்தையும் அவர் நாக்கு எத்தனை நாள் தேடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நவம்பரில் குளிர் வந்தது. அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் நடுவண் சூடேற்றி கிடையாது. வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர்வதுபோல் இருக்கும். அதனால் வீட்டிலுள்ள அனைவரும் சமையலறையிலேயே கூடுவார்கள், என் பாடமும் அங்கேயே நடக்கும். 11ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாளன்று, கஷ்கொட்டைகளைக் கீறிச் சுட்டு உரித்துத் தின்றபடி பேசிக்கொண்டிருந்தபோது, இனித் தம்மைப் பாட்டி என்றே கூப்பிடலாம் என்று அம்மையார் சொன்னார். மனம் நெகிழ்ந்துபோனேன். அந்த மகிழ்ச்சியோடுதான் என் மிகக் கடினமான பாடமும் தொடங்கியது.

பாட்டியும் 'அவோ', தாத்தாவும் 'அவோ'. தமிழில் எழுதினால் வேறுபாடே இல்லை. அவர்கள் எழுத்திலோ ஓகாரத்தின் மேல் இடும் குறி மாறுகிறது. வாயில், பாட்டிக்கு ஓகாரம் விரிந்து திறக்க வேண்டும், தாத்தாவுக்குக் குவிய வேண்டும். வாக்கியத்துக்குள் வந்தால் முன்னால் நிற்கும் பெண்பால், ஆண்பால் அடைச்சொல் காப்பாற்றிவிடும். கூடத்திலிருந்து குரல் கொடுக்கும்போது அந்த அடைச்சொல் இராது. நம் ஓகாரம் இயல்பாகவே குவிந்தது. ஆகையால் நான் பாட்டியைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் தாத்தாதான் செய்தித்தாளைத் தாழ்த்தி "என்ன மகனே?" என்று கேட்டார். அவர் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. பேத்தி கண்ணாடிமுன் நிற்கவைத்துத் தாடையை இறக்கிக் காட்டினாள். 'ஹால்' என்று எழுதிவிட்டு நாம் ஆவுக்கும் ஓவுக்கும் நடுவே ஒலிக்கிறோமே, அந்த உயிரைப் பிடித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிசம்பர் 24 இரவு, வேகவைத்த உப்புக் கருவாட்டு மீனும் உருளைக்கிழங்கும் கீரையும் பரிமாறிய மேசையில்கூட, என் அழைப்புக்கு இருவரும் ஒன்றாகவே நிமிர்ந்தார்கள்.

ஜனவரி இறுதியில் ஊர் திரும்பும் நாளன்று, பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதைச் சொல்வதற்காகச் சமையலறையை நோக்கிக் கூப்பிட்டேன். தாத்தா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஈரக் கையைத் துவாலையில் துடைத்தபடி பாட்டி மட்டும் வெளியே வந்தார்.