அக்டோபரில் தோகை விரித்த வான்கோழி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இலையுதிர்கால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் அனுமதிச் சீட்டை வாங்கியதும் கடை வாசலிலேயே நின்று மண்டல எண்ணைப் பாருங்கள்; சீட்டு அந்த மண்டலத்தில் மட்டும்தான் செல்லும். நான் பார்க்கவில்லை. 1973-க்கு முன் பிறந்திருந்தால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் வேண்டியதில்லை; எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஆனால் வகுப்பு சிரமமின்றி முடிந்துவிட்டது. கோட்டைவிட்டது கடையில்தான். கவுண்டரில் இருந்த பையனிடம் வெர்னன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்று தெளிவாகத்தான் சொன்னேன். தென்மேற்கு மூலையில் இருக்கிற அது 1-ஆம் மண்டலம். அவன் 2 என்று தட்டிவிட்டான்.

விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, பண்ணை வாசலில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பினேன். அப்புறம் 1-ஆம் மண்டலத்துக்குக் கூடுதல் அனுமதி ஒன்று வாங்கினேன், என் காசில். பையன் மன்னிப்புக் கேட்டானா என்று கேட்காதீர்கள்.

வெர்னன்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. இந்த மாநிலத்தில் காட்டு வான்கோழி அடியோடு அழிந்துபோயிருந்தது. 1976-இல் மிசோரியிலிருந்து பிடித்துவந்து முதலில் விட்டது அந்தக் கவுண்டியில்தான். இன்றைக்கு மாநிலம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

இரண்டாவது பயணம் அக்டோபர் நடுவில். இலையுதிர்காலத்தில் வான்கோழிகள் எப்படி இருக்கும் என்று படித்துவிட்டுத்தான் போனேன்: தாய்களும் அந்த வருடத்துக் குஞ்சுகளும் ஒரு கூட்டம், வயதான சேவல்கள் தனிக் கூட்டம். கொக்கரிப்பும் தோகை விரிப்பும் வசந்தகாலத்துச் சமாச்சாரம். ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம், சரிவுக்குக் கீழே ஒரு கொக்கரிப்பு. அக்டோபரில்! சற்று நேரத்தில் மீண்டும், இன்னும் பக்கத்தில். பிறகு உயரமான புல்லுக்கு மேலே விரித்த வால் ஒன்று தெரிந்தது. வால் மட்டும்தான். அது ஆடாமல் அசையாமல் நின்றது.

மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிய கதை நமக்கெல்லாம் தெரியும். இங்கே ஆடக்கூட இல்லை என்பதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நிஜ வான்கோழி வாலைக் கையில் பிடித்து, அதன் பின்னால் பதுங்கியபடி சேவலை நெருங்குகிற வேட்டைக்காரர்கள் உண்டு. கொக்கரிப்பைப் போலிசெய்யும் ஊதலும் கிடைக்கிறது. பருவம் தப்பிய கொக்கரிப்பு, அசையாத வால்: சந்தேகமே இல்லை, அது மனிதன் என்று முடிவுகட்டினேன். வகுப்பில் அழுத்திச் சொன்ன பாடம் இது: காட்டில் இன்னொரு ஆள் இருந்தால் கையை ஆட்டாதே, அசைவைப் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடுவான், சத்தமாகப் பேசு. சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தாதே என்பதும் அதற்காகத்தான், சேவலின் தலையில் இருப்பவை அந்த நிறங்கள். அன்று மறைப்பு உடைக்குள்ளே என் சட்டைக் காலர் நீலம். அதை உள்ளே திணித்துக்கொண்டு கத்தினேன்: "ஹலோ! இங்கே ஆள் இருக்கிறேன்!"

வால் படக்கென்று மடங்கியது. அந்த 'மனிதர்' இரண்டு காலில் சரிவில் இறங்கி ஓடினார். மார்பில் தொங்கிய தாடி (சேவலுக்கு இருக்கும் முடி போன்ற இறகுக் கொத்து) மட்டுமே ஒரு சாண் இருக்கும். அவருக்குப் பின்னால் புல்லுக்குள் மேய்ந்துகொண்டிருந்த பெட்டைகளும் குஞ்சுகளும் நாலாபக்கமும் பறந்தன.

ஏன் அப்படிச் செய்தது? பிறகு விசாரித்ததில், இலையுதிர்காலத்தின் பகல் நீளம் வசந்தத்தை ஒத்திருப்பதால் சில சேவல்களுக்கு வசந்தகாலத்து இணைசேரும் வேகம் கொஞ்சம் திரும்பி வருமாம். சேவல்களுக்குள் யார் பெரியவன் என்கிற சண்டையும் அந்தச் சமயத்தில் உண்டு. ஆனால் பெட்டைக் கூட்டத்தின் நடுவே போய்த் தோகை விரித்து நின்றதை, நேரில் பார்க்காமல் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

சரி, என் முட்டாள்தனத்தில் ஒரு லாபம் இருந்தது. இலையுதிர்கால வேட்டையின் பழைய உத்தியே கூட்டத்தைக் கலைத்துவிட்டு, சிதறிய இடத்திலேயே உட்கார்ந்து திரும்பக் கூப்பிடுவதுதான். அதற்காகச் சிலர் நாயைக்கூடக் கொண்டுபோகிறார்கள். நான் ஒரு ஹலோவில் முடித்துவிட்டேன். அசையாமல் இருபது நிமிடம், பிறகு வாயில் அதக்கிய ஊதலில் குஞ்சு தாயைத் தேடும் 'கீ-கீ-கீ'. மூன்றாவது முறை பதில் வந்தது. இளம் பெட்டை ஒன்று நேராக என்னிடமே நடந்து வந்தது. இலையுதிர்காலத்தில் பெட்டையையும் எடுக்கலாம். எடுத்தேன்.

சுட்ட பறவையை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாததால் மேட்டில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உறுதி எண் வந்ததும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பண்ணைக்காரர் கேட்டைத் திறந்துகொண்டே கேட்டார்: "காலையில் யாருக்கு ஹலோ சொன்னாய்?"

சொன்னேன். "அந்தச் சேவலா? ஒரு வாரமாக அங்கேதான் விரித்துக்கொண்டு நிற்கிறது" என்றார். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா மனிதர்!