வேளச்சேரியில் 55 லிட்டர் கடல்

எங்கள் பகுதிக்கு வரும் மெட்ரோ தண்ணீரில் ஒரு பங்கு நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல் தண்ணீர். 2013இல் தொடங்கிய அந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. அவ்வளவு மின்சாரம் செலவழித்து அரசாங்கம் எடுத்த உப்பை நான் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கி, ஹாலில் மீனும் பவளமும் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டிக்காக அதே தண்ணீரில் திரும்பக் கலக்குகிறேன். என் கணவர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சொல்லட்டும்.

பெசன்ட் நகர் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, ரெண்டு கேன் பிடித்து வந்தால் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். அடையாறு வந்து கலக்கிற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆற்றில் என்னென்ன வருகிறது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பே குறைந்துவிடும். பவளத்துக்குப் பிடிக்காதது மாற்றம். உப்பு ஆயிரத்துக்கு 33 ஆக இருப்பதைக்கூடத் தாங்கும், இன்று 33 நாளை 36 என்றால் தாங்காது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. குடிப்பதற்கான எந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத பழைய தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிட ஒரு திருகு வைத்திருப்பார்கள். கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 60, 80 என்று காட்டும். அதற்குப் பிறகு, மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயை மாட்டினால்தான் பூஜ்யம் வரும். அந்த 80இல் என்ன இருக்கிறது என்பது முக்கியம்: சிலிகேட், பாஸ்பேட் என்று பாசிக்குப் பிடித்த தீனி எல்லாம் இருக்கலாம். பூஜ்யத் தண்ணீரில் லிட்டருக்கு 37 கிராம் வாக்கில் பவள உப்பு போட்டு, பக்கெட்டில் சின்ன பம்பு ஓடவிட்டு ஒரு ராத்திரி வைத்தால் ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவு, அதாவது ஒப்படர்த்தி 1.026 வரும். பார்ப்பதற்கு, ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். அதை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிட்டு நம்பக்கூடாது. 35 என்று தெரிந்த கரைசலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான், இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம். மணலும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் உண்மையான தண்ணீர் 55 லிட்டர்தான். எல்லாம் சேர்த்து 80 கிலோவைத் தாண்டும். வீட்டு ஓனரிடம் "ஒரு ஆள் எடைதான் சார்" என்றேன், ஒத்துக்கொண்டார்.

இனி கல். வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் முதல் அறிவுரையே கடலில் எடுத்த 'லைவ் ராக்' (செத்த பவளத்தின் எலும்புக்கல்) வாங்குங்கள் என்பதுதான். உள்ளே வேண்டிய பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும், தொட்டி சீக்கிரம் தயாராகும். இங்கே அந்த அறிவுரையைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டியதுதான். கல்பவளங்கள் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்தின் எலும்புக்கும் அதே சட்டம்தான். கடல்விசிறி, கடல்குதிரை எல்லாமும் அப்படியே.

சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனசு வந்திருக்காது. மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று கணக்கு. 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க அது இல்லாமல் போனதில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். என் வீட்டு ஹாலில் அழகு பார்க்க அங்கிருந்து கல் வர வேண்டுமா? யாராவது "ராமேஸ்வரம் சரக்கு" என்று பக்கெட்டை மூடித் திறந்து காட்டினால் பேசாமல் நடையைக் கட்டுங்கள். நான் வாங்கினது சுட்ட பீங்கான் கல், ஆறு கிலோ. நுண்துளை நிறைய, உயிர் ஒன்றும் கிடையாது. அதனால் பாக்டீரியாவை நாமே வளர்க்க வேண்டும், நாளாகும், அவ்வளவுதான்.

இந்த வளர்ப்பைத்தான் 'சைக்கிள்' என்கிறார்கள். மீனின் கழிவு அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றுதான் நாங்கள் படித்தோம், ஆனால் நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று ஹோவனெக்கும் அவர் கூட்டாளிகளும் 1998லேயே காட்டிவிட்டார்கள்.

இரண்டுமே மெதுவாகப் பெருகுகிறவை. ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு ஒரு நாள் வாக்கில் ஆகிவிடும். அவசரப்பட முடியாததற்குக் காரணம் இதுதான். கடல் தொட்டியில் அவசரத்துக்குத் தண்டனையும் அதிகம். அம்மோனியாவில் மீனின் செவுளைச் சுடுவது அயனியாகாமல் அம்மோனியாவாகவே நிற்கிற பங்கு. பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கடல்நீரின் 8.2இல், நம் ஊர்ச் சூட்டில், அது 7, 8 சதவீதம் வரை போகும். அதே அம்மோனியா, பத்து மடங்கு விஷம். 'தாங்கக்கூடிய' மீன் ஒன்றை முதலில் விட்டுப் பார்ப்பது என்ற பழைய வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மீன் இல்லாமல் அம்மோனியா எப்படி? ஒரு இறாலைப் போட்டு அழுகவிடுவது ஒரு வழி. எங்கள் வீட்டில் இறால் வாங்கினால் அது தொக்குக்குத்தான். நான் எடுத்தது அம்மோனியம் குளோரைடு, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த நவச்சாரம். கடைத்தெரு நவச்சாரத்தில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, ஆய்வகத் தரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டும், தண்ணீர் 55 லிட்டர், ஆக 110 மில்லிகிராம் அம்மோனியா. மூலக்கூறு எடை 17க்கு 53.5 என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 346 மில்லிகிராம் உப்பு. தராசு இல்லாதவர்கள் 3.46 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து அதில் 10 மில்லி ஊற்றலாம். அதற்கு மட்டும் யாராவது எடை போட்டுக் கொடுக்க வேண்டும்.

பிறகு சோதனை. பள்ளி உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியத்துக்கு நெஸ்லர் காரணி விட்டால் பழுப்பாக வீழ்படிவு வரும். அதில் பாதரசம் இருப்பதால் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. தொட்டிக்கான கிட்டில் சாலிசிலேட் முறை, மஞ்சள் பச்சையாகும். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் பச்சை அசையவே இல்லை. அப்புறம் அது வெளுக்க, நைட்ரைட் குழாய் ரோஜா நிறம் ஏறி ஒரு கட்டத்தில் கத்தரிப்பூ ஆகிவிட்டது. இந்த இடத்தில் பலர் நைட்ரேட்டையும் பார்த்துவிட்டுப் பதறுகிறார்கள். அந்தக் கிட் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகக் குறைத்துத்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே நைட்ரைட் கிடந்தால் எண் எகிறத்தான் செய்யும். நைட்ரைட் பூஜ்யமாகும் வரை அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று: நன்னீர் மீனுக்கு நைட்ரைட் பெரிய எமன். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருப்பதால் அது செவுள் வழியாக உள்ளே போவது வெகுவாகத் தடைபடும். அதனால் கடல் தொட்டியில் நைட்ரைட்டுக்காகக் காத்திருப்பது மீனின் உயிருக்குப் பயந்து இல்லை. இரண்டாவது பாக்டீரியா வேலைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். மறுபடி 2 பிபிஎம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் காணாமல் போனால் முடிந்தது. எனக்கு ஐந்தாறு வாரம் ஆனது.

அத்தனை வாரமும் விளக்குப் போடவில்லை. இந்த பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை. என் மாமியார் தினமும் காலையில் தொட்டிக்கு முன்னால் நின்று, "ஏம்மா, வெறும் கல்லுக்கா இவ்ளோ கரண்ட்டு?" என்பார். விளக்கு போட்ட பிறகு மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் வந்தது. டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிகேட் தீர்ந்ததும் தானாகப் போனது. அதற்கு மருந்து விற்பார்கள், வாங்காதீர்கள்.

சென்னையில் நிஜமான தலைவலி வெயில்தான். ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள், மார்கழிக்குக்கூட எனக்குத் தேவைப்படவில்லை. சித்திரையில் ஹாலில் வைத்த தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகிறது. மன்னார் வளைகுடாவிலேயே கோடையில் 30ஐத் தாண்டினால் பவளம் வெளுக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலை தொட்டியைவிட அதிகம். கணினிக்குள் வைக்கும் சின்ன விசிறிகள் இரண்டைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிட்டேன், 2, 3 டிகிரி இறங்குகிறது. ஆனால் அது இறங்குவதே தண்ணீர் ஆவியாவதால்தான். கோடையில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே நிரப்புவது உப்பில்லாத டி.ஐ. தண்ணீர். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, காலை மாலை அந்தக் கோடு வரைக்கும் ஊற்றுகிறோம். ஊருக்குப் போனால் அத்தை ஊற்றுவார்.

மின்சாரம் போவதையும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி கிடந்த கிடப்பு தெரியும்தானே. சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 30 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம், கடல்நீரில் ஆறு சொச்சம். மீனுக்கு மட்டுமில்லை, கல்லில் வளர்த்த பாக்டீரியாவுக்கும் அதுதான் மூச்சு. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றை மீனுக்கு முன்னாலேயே வாங்கி வைத்தேன்.

மீனுக்குக் கொளத்தூர் போனோம். ஆசெல்லாரிஸ் வகை கிளவுன் மீன் குட்டி இரண்டு, தொட்டியில் பொரித்தவை என்று கேட்டு, கடையிலேயே பெல்லட் தீனி தின்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கிளவுன் மீனைப் பொரிக்கவைத்துக் காட்டியவை. அப்படியிருக்கக் கடலில் பிடித்ததை வாங்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. கடலில் அது அண்டி வாழும் கடல்சாமந்தி இல்லாமலேயே நன்றாக இருக்கும், புதுத் தொட்டியில் சாமந்தி பிழைக்காது. எது ஆண், எது பெண் என்று அத்தை கேட்டார். இப்போதைக்கு ரெண்டும் ஆண்தான், பெரிசாக வளர்வது பெண்ணாக மாறிவிடும் என்றேன். "நல்ல கூத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவர்தான் தீனி போடுகிறார்.

கல்பவளம் கிடையாது என்பதால் மென்மையான வகைகள்தான்: ஒரு மஷ்ரூம் பவளம், சோவாந்திட் என்ற பவள வகையில் பச்சைக் கொத்து ஒன்று. சோவாந்திட் வைத்திருப்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் போடாமல் அந்தக் கல்லைத் தொடாதீர்கள். இவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் இருக்கிறது, மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. வேண்டாத கொத்தைக் கொல்ல யாரோ கல்லை வெந்நீரில் கொதிக்கவைக்கச் சொல்வார்கள், ஆவியிலேயே குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும். எங்கள் வீட்டில் அந்தக் கல்லுக்கென்று ஒரு சிவப்பு பக்கெட் தனியாக இருக்கிறது, சமையலறை சிங்க்குப் பக்கம் அது வரக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு.