ஆன்லைன் கடையை இடம் மாற்றுவது: ஈரோடு, கரூர் ஜவுளிக் கடைகளில் நாங்கள் கைக்கொண்ட முறை

மெஜந்தோ என்ற ஆன்லைன் கடை மென்பொருளின் முதல் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுபோயின. ஈரோடு, சென்னிமலை, கரூர் பக்கம் அதில் ஓடிய ஜவுளிக் கடைகளை வூகாமர்ஸ், ஷாப்பிஃபை போன்ற வேறு கடை மென்பொருளுக்கு மாற்றும் வேலை எங்களைப் போன்ற சிறிய ஏஜென்சிகளிடம் வந்தது. அதன் பிறகும் மாற்றம் ஓயவில்லை. கார்டு எண்ணைக் கடைத்தளம் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபரில் வந்தது. தளத்துக்கு யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கிடும் கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நின்றது. ஜி.எஸ்.டி. விகிதங்கள் 2025 செப்டம்பரில் மாறின. சரக்கு விவரத்தைத் தளத்துக்கு வெளியே தனியாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த கடைகள்தான் இவற்றை அதிகம் சிரமப்படாமல் தாண்டின. அதனால் எந்த வேலையையும் டிசைனில் தொடங்குவதை விட்டுவிட்டோம். முதலில் அந்தச் சரக்கு விவரத்தின் மூலப் பட்டியல், மற்றதெல்லாம் பிறகு.

பட்டியலில் விற்கக்கூடிய ஒவ்வொரு நிறம், அளவுக்கும் ஒரு வரிசை. ஸ்டாக் கோடு, கணக்கு மென்பொருளான டேலியில் உள்ள பெயர், எச்.எஸ்.என். (ஜி.எஸ்.டி.-க்கான பொருள் வகை எண்), செ.மீ.-இல் நீள அகலம், நூல் கவுன்ட் அல்லது ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), பேக்கிங்கோடு எடை, பெட்டியின் மூன்று அளவுகள், விலை, தயாரிப்பாளர் முகவரி, தயாரான நாடு ஆகியவை இருக்க வேண்டும். தயாரான நாட்டைக் காட்டுவது 2020-இன் நுகர்வோர் மின்வணிக விதிகளின்படி கட்டாயம். நம் பக்கம் பெட்ஷீட்டை '60-90' என்று அங்குலத்திலும் ஜமக்காளத்தை '6-க்கு 4' என்று அடியிலும் சொல்வார்கள். அலகு போடாமல் அப்படியே ஏற்றினால் சரக்கு திரும்பி வரும். பெட்டி அளவை விட்டுவிட்டால் கூரியர் பில்லில் அடி விழும். கூரியர்கள் பெட்டியின் மூன்று அளவுகளையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தும் ஒரு எடை கணக்கிடுவார்கள்; 40×30×10 செ.மீ. பெட்டிக்கு அது 2.4 கிலோ. உள்ளே இருக்கும் விரிப்பு ஒன்றரைக் கிலோதான் என்றாலும் பெரும்பாலான கூரியர்கள் 2.4-க்குத்தான் போடுவார்கள்.

பட்டியலைக் கெடுப்பது பெரும்பாலும் எக்செல்தான். '5-7' என்று அளவு அடித்தால் தேதியாக்கிவிடும், 0045 என்ற கோடை 45 ஆக்கும், 13 இலக்க பார்கோடைச் சுருக்கிக் கடைசி இலக்கங்களைத் தின்றுவிடும். ஆகவே தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறாமல் இருக்க தளத்தில் ஏற்றும் சி.எஸ்.வி. கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். ஸ்டாக் கோடை ஒருமுறை வைத்தபின் மாற்றவே கூடாது. டேலி, கூகுளில் பொருள்களைக் காட்டும் மெர்ச்சன்ட் சென்டர், அனலிட்டிக்ஸ் எல்லாம் அந்த ஒரே கோடில்தான் ஒட்டி நிற்கின்றன.

அடுத்தது பக்கங்களின் பழைய இணைய முகவரிகள். மெஜந்தோவில் பொருள் முகவரி பெரும்பாலும் '.எச்டிஎம்எல்' என்று முடியும். ஷாப்பிஃபையில் 'புராடக்ட்ஸ்' என்ற அடைவுக்குள்தான் வரும், அதை மாற்ற முடியாது. சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்), சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) இரண்டிலிருந்தும் பழைய முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் அதே பொருளின் புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) செய்ய வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது வேலையைக் குறைக்கும்தான். ஆனால் கூகுள் அதை 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும், பல வருடத் தேடல் வரத்து போய்விடும்.

தளம் மாற்றும் இரவைப் புதன்கிழமையாக வைப்பது நல்லது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும், அப்போது கடைக்காரரைப் பிடிக்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தொடவே வேண்டாம். டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டி.என்.எஸ்.; அதன் பழைய பதிலை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் டி.டி.எல். முந்தின நாளே அதை 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். தளம் இருக்கும் சர்வரைக் காட்டும் ஏ ரெக்கார்டு போன்ற பதிவுகளை மட்டும் மாற்றுங்கள். இந்தப் பதிவுகள் எல்லாம் இருக்கும் நேம்சர்வரையே மொத்தமாக மாற்றினால் மெயிலுக்கான எம்.எக்ஸ். பதிவு விடுபட்டு, கடையின் மெயில் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

பணம் கட்டும் இடத்தில் யு.பி.ஐ.-தான் கவனம் கேட்கிறது. வாடிக்கையாளர் ஜிபே ஆப்புக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு பிரவுசருக்குத் திரும்பாமலே இருந்துவிடுவார். 'நன்றி' பக்கம் திறந்தால்தான் ஆர்டர் உறுதியாகும் என்று அமைத்திருந்தால் பணம் வந்திருக்கும், ஆர்டர் நிலுவையில் கிடக்கும். வூகாமர்ஸில் அப்படிப்பட்ட ஆர்டர் இயல்பாக 60 நிமிடத்தில் ரத்தாகிவிடும். எனவே பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் நம் தளத்துக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் தகவலை வைத்தே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். ரத்தான பின் பணம் வந்து சேர்ந்தால் தானாகத் திருப்பி அனுப்பவும் ஒரு விதி எழுதியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 22-இல் வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது ஒரு நுணுக்கத்தில். ஆயத்த ஆடை, பெட்ஷீட் போன்றவற்றில் ஒன்றின் வரி நீங்கிய விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. முன்பு 1,000 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12% ஆக இருந்தது. பல தளங்களில் வரியைப் பொருளோடு நிலையாகக் கட்டியிருப்பார்கள். தள்ளுபடியில் விலை வரம்புக்குக் கீழே வந்தால் வரியும் இறங்க வேண்டும், அங்கே இறங்காது. வரியோடு சேர்த்து விலை போடுகிற கடைகளில் இன்னொரு சிக்கல். 2,799 ரூபாயில் 5% நீக்கினால் 2,665.71, வரம்பைத் தாண்டுகிறது. 18% நீக்கினால் 2,372.03, வரம்புக்குள் வருகிறது. எந்த விகிதமும் பொருந்தாது. இந்தப் பள்ளம் 2,625-க்கு மேல் 2,950 வரை. கடைக்காரர்களிடம் நாங்கள் சொல்வது: 2,625 அல்லது அதற்குக் கீழே வையுங்கள், இல்லையென்றால் 2,950-ஐத் தாண்டி வையுங்கள். ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சேலை துணிக்கணக்கில் வருவதால் இந்த வரம்பு அதற்கு இல்லை. இதனால்தான் வரி விதியை 'பெண்கள் உடை' என்ற பிரிவில் கட்டாமல் எச்.எஸ்.என்.-இல் கட்ட வேண்டும்.

பல விற்பனை ஆப்களை ஒரே வலையில் இணைக்கும் அரசு ஆதரவு பெற்ற ஓ.என்.டி.சி. 2022-இல் சோதனை ஓட்டமாக வந்த ஐந்து ஊர்களில் கோவையும் ஒன்று. அதில் சேரக் கேட்ட விவரங்களில் பெரும்பகுதி இதே பட்டியலில் இருந்தே எடுக்கக்கூடியவை. இப்போது மக்கள் ஏ.ஐ. உதவியாளரிடம் 'கட்டிலுக்கு எந்த விரிப்பு' என்று கேட்கிறார்கள். அளவும் விலையும் இருப்பும் பக்கத்தில் எழுத்தாகவும், இயந்திரங்கள் படிக்கும் ஸ்கீமா குறியீடாகவும் இருக்க வேண்டும். படத்துக்குள் எழுதி வைப்பதை நம்பக் கூடாது.

ஏஜென்சியின் வருமானமும் இதற்கேற்ப மாற வேண்டும். 'ஏனுங்க, தளம்தான் முடிஞ்சுபோச்சே, மாசாமாசம் எதுக்குங்க காசு?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, பதில் எழுத்தில் இருக்க வேண்டும்: பட்டியலைப் புதுப்பித்தல், வாரம் ஒருமுறை கேட்வே வரவையும் ஆர்டரையும் ஒப்பிடுதல், விதி மாறும்போது வரியைத் திருத்திச் சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்தல். டொமைன், கேட்வே, கூகுள் கணக்குகள் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும், நமக்குப் பயனர் அனுமதி போதும். மாத பில்லோடு மூலப் பட்டியலின் பிரதி ஒன்றையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக்கு அவர் வேறு ஏஜென்சிக்குப் போனாலும் அது அவருடைய சொத்து.